பழைய மாளிகையின் கதையைச் சொல்வது எப்படி? திருகோணமலையில் புதிதாக வழிகாட்ட வருபவர்களுக்கு

நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் இருந்து ஜேர்மன்காரரை வானில் ஏற்றிக்கொண்டு பிரெடெரிக் கோட்டைக்கு வரும் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு என்னைவிட நல்ல ஜேர்மன் வருகிறது. உச்சரிப்பும் சுத்தம். ஆனால் கதை சொல்லத் தொடங்கினால் 1624, 1639, 1665, 1782, 1795 என்று ஆண்டுகளை அடுக்குகிறீர்கள். வந்தவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகக் கழன்று மரத்தடி மான்களைப் படமெடுக்கப் போய்விடுகிறார்கள். மான்கள்மேல் பிழையில்லை.

ஆண்டே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எந்த ஆண்டு வேண்டும் என்று தெரிந்தெடுக்க வேண்டும். என் கணக்கில் ஒரு பழைய வீட்டின் வரலாறு அது கைமாறிய நாட்களில் இருக்கிறது. யார் போனார், யார் வந்தார், போனவர் எதைத் தூக்கிக்கொண்டு போனார், எதைத் தூக்க முடியாமல் விட்டார், வந்தவர் அதை என்ன செய்தார். ராசா எந்தக் கட்டிலில் படுத்தார் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்தப் பழக்கம் எனக்கு வந்தது ஜேர்மனியில், டிரெஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில். ராடபொய்ல் என்ற ஊரில் ஒரு உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலம். அந்த ஊரிலிருந்து ஒரு சின்ன நீராவி ரயில் புறப்பட்டுக் காட்டையும் குளங்களையும் தாண்டி மோரிட்ஸ்பேர்க்குக்குப் போகும். 1884இல் ஓடத் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. மோரிட்ஸ்பேர்க்கில் இருப்பது சாக்சனி என்ற அந்தப் பகுதியை ஆண்ட வெற்றீன் குடும்பத்தின் வேட்டை மாளிகை. இப்போது நூதனசாலை. லீவு நாளில் எனக்கு வேறு போக்கிடம் இல்லாததால் அங்கேதான் போய் நிற்பேன். அங்கே கதை சொன்ன சிலர் நித்திரை வரவைத்தார்கள். ஒரு வயதான அம்மா மட்டும் ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று, “இது இங்கே எப்படி வந்தது?” என்று கூட்டத்திடமே கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார். என் ஜேர்மனில் பாதி அவர் கதைத்ததைக் கேட்டு வந்தது.

அந்த மாளிகையையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். உங்கள் விருந்தாளிகளில் பலர் அதைப் பார்த்திருப்பார்கள். பார்க்காவிட்டாலும் அதைப்போல ஒன்று அவர்களுடைய ஊர்ப்பக்கத்தில் இருக்கும்.

முதல் வேலை: கைமாற்றப் பட்டியல்

ஒரு தாளை எடுத்து வீடு யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று மட்டும் எழுதுங்கள். மோரிட்ஸ்பேர்க்குக்கு எழுதினால் இப்படி வரும். 1542இல் தொடங்கி 1546 வரையில் சாக்சனிப் பிரபு மோரிட்ஸ் தன் வேட்டைக்காகக் கட்டினார். நாலு மூலையிலும் வட்டக் கோபுரம், சுற்றி மதில், நடுவில் வீடு. 1553இல் போரில் காயப்பட்டு இளவயதிலேயே இறந்தார், பெயர் மட்டும் வீட்டோடு தங்கியது. பிறகு 1661 முதல் 1672 வரையில் ஒரு சிற்றாலயம் சேர்ந்தது. அந்த நாடு லூதர் வழிப் புரட்டஸ்தாந்து நாடு, ஆலயமும் அப்படியே.

அடுத்து வருகிறவர்தான் எல்லோருக்கும் தெரிந்த சாக்சனி ஆட்சியாளர் பலசாலி ஒகஸ்ட். அவருக்குப் போலந்து முடி வேண்டும். முடிக்காக 1697இல் கத்தோலிக்கராக மாறினார். இரண்டு வருடத்தில் மோரிட்ஸ்பேர்க் ஆலயமும் கத்தோலிக்கமாயிற்று. சுவர் அதே சுவர், பூசை வேறு. இதை நம்மூர் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1723இல் அவர் கட்டடக் கலைஞர் பொப்பெல்மானைப் பிடித்து மதிலை இடித்து, வீட்டைக் கோபுரங்களோடு சேர்த்துப் பெருப்பித்து, சுற்றியிருந்த குளங்களை ஒன்றாக்கி நடுவில் தீவு மாதிரி நிறுத்தினார். 1733இல் வார்சோவில் செத்துப்போனார், வேலை முற்றுமுழுதாக முடியவில்லை.

அதற்குப் பிறகு நீண்ட காலம் பெரிய கைமாற்றம் இல்லை. ஆகவே அந்தப் பகுதியை ஒரே மூச்சில் தாண்டுங்கள். 1918இல் அரசர் முடி துறந்தார். 1924இல் செய்த உடன்படிக்கையில் மாளிகை பழைய அரச குடும்பத்துக்கே திரும்பியது. 1933 முதல் இளவரசர் ஏர்ன்ஸ்ட் ஹைன்றிஹ் அங்கே குடியிருந்தார். 1945இல் சோவியத் ஆட்சி பறித்தது. 1947இல் நூதனசாலை. இவ்வளவுதான் பட்டியல், ஒரு பக்கத்துக்குள் அடங்கும். உங்கள் பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டினால் அதில் கைமாற்றம் இல்லாத ஏதோ ஒன்று நுழைந்துவிட்டது என்று அர்த்தம், வெட்டுங்கள்.

கையால் காட்ட ஒரு பொருள்

பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் விரலை நீட்டிக் காட்டக்கூடிய ஒரு பொருளைத் தேடுங்கள். பொருள் கிடைக்காத வரியைச் சொல்லாமலே விடலாம்.

மோரிட்ஸ்பேர்க்கில் யாரும் முதலில் பார்ப்பது கொம்பு. சாப்பாட்டு மண்டபத்தில் மட்டும் செம்மான் கொம்புகள் 71 சோடி சுவரில் நிற்கின்றன. அதில் ஒன்று 24 கிளை, 19.8 கிலோ, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறத்தாழ இரண்டு மீற்றர். ஐந்து வயதுப் பிள்ளையைத் தலையில் தூக்கிக்கொண்டு காட்டில் ஓடினால் எப்படியோ அப்படி. ஆனால் எடையைச் சொல்லி வாயைப் பிளக்க வைப்பதோடு நிறுத்தாதீர்கள். வேட்டை மாளிகை என்றதும் கொம்பெல்லாம் அந்தக் காட்டில் சுட்டவை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பல கொம்புகள் காசுக்கு வாங்கியவை, வேறு அரசர்கள் பரிசாகக் கொடுத்தவை. “இது இங்கே எப்படி வந்தது?” என்ற அந்த அம்மாவின் கேள்வி இங்கேதான் வேலை செய்யும்.

விகாரமாக வளர்ந்த கொம்புகளுக்கென்றே இன்னொரு மண்டபம் இருக்கிறது. அங்கே 66 கிளைக் கொம்பு ஒன்று. 1696இல் பிராண்டன்பேர்க் ஆட்சியாளர் பிரெட்ரிஹ் சுட்ட மான். அவருடைய மகன், உயரமான சிப்பாய்களைச் சேர்ப்பதில் பைத்தியமாக இருந்த பிரஷ்ய அரசர், ஒரு படைப்பிரிவு நெட்டையர்களை வாங்கிக்கொண்டு இந்தக் கொம்பை ஒகஸ்டுக்குக் கொடுத்தார் என்று கதை. கதை நல்ல கதை, சொல்லுங்கள். “என்று சொல்கிறார்கள்” என்ற வாலை மட்டும் வெட்டிவிடாதீர்கள். வழிகாட்டிக்கு அந்த வால்தான் பாதுகாப்பு. ஜேர்மன்காரர் அறைக்குப் போய்ப் போனில் தேடிப் பார்க்கிற சாதி.

பொருளில் இருந்து ஆட்களுக்கு வர வேண்டும். நாய்க்கூட்டத்தைவிட்டு ஒரு மானை அது களைத்து விழும்வரை குதிரையில் துரத்துவதுதான் அந்தக் காலத்து அரச வேட்டை. விலங்கை வளைத்துக் கொண்டுவர, வலை சுமக்க, பாதை வெட்ட ஊர்க் குடியானவர்கள் கூலியில்லாமல் வர வேண்டும். அதே மான் அவர்களுடைய பயிரை மேய்ந்தால் அடிக்கக் கூடாது. 1790இல் சாக்சனி விவசாயிகள் கிளர்ந்து எழுந்ததற்கு இந்தக் காட்டு விலங்குச் சேதமும் ஒரு காரணம். யானை வயலில் இறங்கிய இரவைக் கண்ட கந்தளாய்க்காரருக்கு அந்த ஆத்திரம் விளங்கும். மாளிகையில் குடியானவனுடைய பொருள் ஒன்றும் இல்லை. ஆகவே கொம்பைக் காட்டும்போதே அவனையும் சொல்லிவிட வேண்டும், பிறகு இடம் வராது.

பறவைச் சிறகால் நெய்த திரைகள் இருக்கும் சிறகறை பற்றியும் கேட்பார்கள். நான் அங்கே போகத் தொடங்கியபோது அது காட்சியில் இல்லை. 1972இல் கழற்றினார்கள், திருத்த வேலைக்கு மட்டும் பத்தொன்பது வருடம் போயிற்று, 2003இல்தான் திரும்ப வைத்தார்கள். மயில், வாத்து, கினிக்கோழி, பேசன்ற் பறவை என்று பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சிறகுகளைப் பசை போட்டு ஒட்டாமல் நூலோடு சேர்த்துத் தறியில் நெய்திருக்கிறார்கள். ஒகஸ்ட் அதைக் கட்டில் திரையாக வாங்கினார், பிறகு சுவர்த்திரையாக மாற்றினார், முதலில் டிரெஸ்டன் நகர மாளிகை ஒன்றில் இருந்தது, 1830இல் இங்கே வந்தது. பார்த்தீர்களா, ஒரு திரைக்கே கைமாற்றப் பட்டியல் உண்டு.

அதே வளவில் கொஞ்சம் தள்ளி, 1770களில் கட்டிய பேசன்ற் மாளிகை. அதன் குளக்கரையில் ஒரு விளையாட்டுத் துறைமுகம், ஏறத்தாழ 22 மீற்றரில் ஒரு வெளிச்சவீடு. கடல் எங்கேயோ இருக்க, குளத்தில் கப்பல் விட்டுக் கடற்சண்டை நடித்துப் பார்த்தார்கள். உலகத்தின் நல்ல இயற்கைத் துறைமுகத்தில் பிறந்த ஒருவன் அந்த வெளிச்சவீட்டடியில் நின்றால் சிரிப்பு வரும். எனக்கு வந்தது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

போன நாளில் நில்லுங்கள்

நேரம் குறைவு என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் சொல்லுங்கள்: சொந்தக்காரர் வெளியேறிய நாள்.

1945இன் தொடக்கம். செம்படை கிழக்கிலிருந்து வருகிறது. இளவரசர் ஏர்ன்ஸ்ட் ஹைன்றிஹ் குடும்பத்தின் வெள்ளி, தங்கப் பாத்திரங்கள், பீங்கான், நகை எல்லாவற்றையும் பெட்டிகளில் அடைத்து, தன் பிள்ளைகளோடு சேர்ந்து காட்டில் புதைத்தார். பிறகு மேற்கே தப்பிப் போனார். பெரும்பகுதியைச் சோவியத் படையினர் தோண்டி எடுத்துவிட்டார்கள். சில பெட்டிகள் மட்டும் அகப்படவில்லை. 1996இல், புதையல் தேடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருந்தவர்கள் அதே காட்டில் அவற்றைக் கண்டெடுத்தார்கள். இரண்டு நாடாக இருந்த ஜேர்மனி அதற்கிடையில் ஒன்றாகிவிட்டது. இளவரசரும் உயிரோடு இல்லை.

இந்தக் கதையைச் சொல்லும்போது கூட்டத்தின் முகம் மாறுவதை அங்கே கண்டிருக்கிறேன். கொம்பையும் பொன்பூச்சுத் தோல் ஒட்டிய சுவரையும் பார்த்து “ஆகா” என்றவர்கள் இங்கே வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். எதை எடுப்பது, எதை விடுவது, எங்கே ஒளிப்பது என்று ஒரு இரவில் முடிவெடுத்த குடும்பங்கள் அந்த ஊரில் நிறைய. நம்மூரிலும் நிறைய. அரச குடும்பம்மேல் எனக்குத் தனிப் பாசம் கிடையாது, அவர்களுடைய வெள்ளிக்கு யார் வியர்வை என்று மேலே சொல்லிவிட்டேன். ஆனாலும் மண்வெட்டி பிடித்த இளவரசனை எல்லோருக்கும் விளங்குகிறது.

பெரிய வீட்டுக்குப் பக்கத்துச் சின்ன வீட்டையும் கேட்டுப் பாருங்கள். மோரிட்ஸ்பேர்க் குளத்தோரம் ஒரு சாதாரண வீட்டில் ஓவியர் கேற்றே கொல்விற்ஸ் தன் கடைசி மாதங்களைக் கழித்தார். முதல் உலகப்போரில் மகனையும், இரண்டாவதில் அதே பெயர் வைத்த பேரனையும் பறிகொடுத்த தாய். பெர்லின் வீடு குண்டில் போனது. இதே இளவரசர்தான் அவருக்கு இங்கே இடம் கொடுத்தார். போர் முடிய ஒரு மாதம்கூட இல்லாத நிலையில், 1945 ஏப்ரல் 22இல் அங்கே இறந்தார். பிள்ளையை மடியில் இறுக்கி வைத்திருக்கும் தாய்மாரை அவர் கீறியதைப் பார்த்தால் உங்களுக்கு ஜேர்மன் தேவைப்படாது. நூதனசாலையாக இருக்கும் அந்த வீட்டில் நாலைந்து பேர்தான் நிற்பார்கள். மாளிகை வாசலில் பஸ் நிரம்பி வழியும். எனக்கென்றால் சின்ன வீடுதான்.

இனி நம்முடைய கோட்டை

இதே முறையை இங்கே போடுங்கள். நமக்கு ஒரு வசதி, பட்டியல் ஏற்கெனவே வாசற்கல்லில் இருக்கிறது. கோட்டை வாசலில் பாண்டியருடைய இணைமீன் செதுக்கிய கல்லைக் காட்டுங்கள், பக்கத்தில் சிதைந்த தமிழ் எழுத்துகளைக் காட்டுங்கள். “முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியை” என்று தொடங்கும் அந்தப் பாட்டை நம்மூர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்பார்கள். குளக்கோட்டன் என்ற பழைய அரசன் கோணேசர் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பறங்கி வந்து பிரிப்பான், பிறகு பூனைக்கண், செங்கண், புகைக்கண் என்று ஒருவர்பின் ஒருவர் ஆள்வார் என்று அது போகிறது. உலகத்தில் எந்தக் கோட்டை வாசலில் அதைப் பிடித்தவர்களின் வரிசையைக் கண்ணின் நிறத்தால் எழுதி வைத்திருக்கிறார்கள்? ஜேர்மன்காரரின் கண்ணைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னால் சிரிப்பார்கள், அதோடு உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள்.

ஆண்டுகளில் 1624ஐ வைத்துக்கொள்ளுங்கள். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லாலேயே கோட்டை போட்ட காலம். 1782ஐ வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள், அதே வருடம் ஓகஸ்ற்றில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரேன் அவர்களிடமிருந்து பிடித்தார், பிறகு சமாதானத்தில் திரும்ப ஒல்லாந்தருக்கு. 1795இல் ஆங்கிலேயர் மறுபடி வந்து தங்கினார்கள், 1803இல் இப்போதைய பெயரை வைத்தார்கள். பிரித்தானிய நேவி திருகோணமலையை விட்டது சுதந்திரத்தோடு அல்ல, 1957இல். இதை மறந்துவிடாதீர்கள், பலருக்கு இது புதுச் செய்தி.

கோட்டைக்குள் வெலிங்டன் வீடு என்று ஒன்று காட்டுவீர்கள். ஆதர் வெலஸ்லி, பின்னாளில் நெப்போலியனை வாட்டர்லூவில் தோற்கடித்தவர், 1800இன் கடைசியிலும் அடுத்த வருடத் தொடக்கத்திலும் திருகோணமலையில் இருந்தார். இங்கே காய்ச்சலில் படுத்ததால் கப்பலைத் தவறவிட்டார், கப்பல் மூழ்கியது, ஆள் தப்பினார் என்று சொல்கிற வழக்கம் உண்டு. காய்ச்சல் உண்மை, கப்பல் உண்மை, படுத்த இடம் மட்டும் பம்பாய். ஆகவே, “எங்கள் ஊர் இந்தக் கதையைத் தனக்கு எடுத்துக்கொண்டது” என்று சேர்த்தே சொல்லுங்கள். கொம்பும் நெட்டைச் சிப்பாயும்போல இதுவும் வாலோடு போக வேண்டிய கதை.

புதைத்த பெட்டிகளுக்கு நம்மிடம் ஜோடி இருக்கிறது. போர்த்துக்கேயர் வருமுன் கோயில்காரர் சில விக்கிரகங்களை மண்ணுக்குள் மறைத்தார்கள். மூன்று நூற்றாண்டுக்கு மேல் கிடந்தன. 1950இல் நகருக்குள் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தரும் மற்றவர்களும் வெளியே வந்தார்கள். 1956இல் கோயில் நிற்கும் சுவாமிமலையின் அடிக் கடலுக்குள் முழுகியவர்கள் பழைய கோயிலின் தூண்களைக் கண்டார்கள். 1963இல் மலையுச்சியில் திரும்பக் கட்டிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம். சாக்சனிக் காட்டுப் பெட்டிகளை முதலில் சொல்லிவிட்டு இதைச் சொல்லுங்கள். மாறிச் சொன்னால் வேலை செய்யாது. தெரிந்த ஊரின் மண்ணைத் தோண்டிய பிறகுதான் ஆள் தெரியாத ஊரின் மண்ணைக் குனிந்து பார்ப்பான்.

மான்களைப் பற்றி ஒருவர் கட்டாயம் கேட்பார்: இவற்றை யார் வேட்டையாடுகிறார்கள்? ஒருவரும் இல்லை, சட்டமும் விடாது என்று சொல்லுங்கள். இவற்றின் கொம்பு சுவருக்குப் போவதில்லை, இவற்றின் வயிற்றுக்குப் போவது நாம் எறியும் பொலித்தீன் என்றும் சொல்லுங்கள். பிஸ்கற் பையோடு கொடுக்க வருபவரைத் தடுக்க அது போதும்.

1983க்குப் பிறகு என்ன நடந்தது என்றும் கேட்பார்கள். ஜேர்மன்காரர் தங்கள் வீட்டுக் கதையைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள், கூச்சப்படமாட்டார்கள். நீங்கள் கண்டதையும் உங்கள் வீட்டில் சொல்லக் கேட்டதையும் சொல்லலாம். கேள்விப்பட்ட எண்ணிக்கைகளைச் சொல்லாதீர்கள். கோட்டைக்குள் இன்னும் ஆமி இருக்கிறது. காவலில் நிற்கும் பொடியனைக் கைகாட்டிக் கதைக்காதீர்கள், அவன் பிறந்ததே பிறகாக இருக்கும். முகாம் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

நேரக் கணக்கு: வாசலில் பத்து நிமிடம், வெலிங்டன் வீட்டுப் பக்கம் ஐந்து, மரத்தடியில் புதையல் கதைக்குப் பதினைந்து. அங்கே நிழல் உண்டு, அதனால்தான் நீளமான கதையை அங்கே வைக்கிறேன். மற்றது நடை. கோயிலுக்கு ஏறுகிறவர்கள் சப்பாத்தைக் கீழே கழற்ற வேண்டும், பதினொரு மணிக்குப் பிறகு கல் காலைச் சுட்டுவிடும். தடித்த காலுறை ஒரு சோடி கொண்டுவரும்படி முதல்நாளே ஹோட்டலுக்குச் சொல்லி வையுங்கள்.